அம்மா வளர்த்த அருகம்புல்

"அப்பாவின் புல்தரை" என்று இனிமேல் நம் ஸ்கூல் வாட்ஸ்அப் குரூப்பில் யாரும் எழுத வேண்டாம். கையெடுத்துக் கும்பிட்டுக் கேட்கிறேன். கும்பிட்ட பிறகும் எழுதினால், அப்புறம் என் வாயிலிருந்து என்ன வருமோ அதற்கு நான் பொறுப்பில்லை.

நம்மோடு பத்தாவது வரை படித்தவர்களில் ஒருவர் ரிட்டையராகி, வீடு கட்டி, வாசலில் கொஞ்சம் இடம் விட்டிருக்கிறார். ரசாயன உரம், மருந்து எதுவும் இல்லாமல் அதில் புல்தரை போட என்ன வழி என்று கேட்டிருந்தார். நியாயமான கேள்விதான். உடனே ஒருத்தி, "இவளைக் கேளுங்க, இவ அப்பா போட்ட புல்தரை மாதிரி டவுன்ஷிப்லயே கிடையாது. அதெல்லாம் பொற்காலம்" என்று என்னைக் கோர்த்துவிட்டாள். கீழே வரிசையாகக் கட்டைவிரல்கள். ஸ்ரீரங்கத்தில் என் மூன்றாவது மாடி ஃபிளாட்டில் உட்கார்ந்து அதைப் படித்தேன். குக்கர் விசில் அடித்துக்கொண்டே இருந்தது. எழுந்துபோய் அடுப்பை அணைக்கக்கூடத் தோன்றவில்லை. அன்றைக்குச் சாதம் குழைந்து களியாகிவிட்டது.

பொற்காலமாம். வயிறு எரிகிறது.

உங்கள் மேல் தப்பில்லை என்று வைத்துக்கொள்வோம். நாம் ஏழாவது படித்த வருஷம் தோட்டப் போட்டியில் மேடையேறிக் கோப்பை வாங்கியது என் அப்பாதான். அதைத்தான் நீங்கள் பார்த்தீர்கள், கை தட்டினீர்கள். அதற்கு முந்தின வருஷம், நாம் ஆறாவது படித்தபோது நடந்தது உங்களுக்கு முழுசாகத் தெரியாது. வழி கேட்டவருக்கு வழியையும் சொல்கிறேன், அதோடு அதையும் சொல்லிவிடுகிறேன். நீளமாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள், ஐம்பது வருஷமாக உள்ளேயே வைத்திருந்தது.

ஃபேக்டரி டவுன்ஷிப்பில் எங்கள் குவார்ட்டர்ஸ் வாசல்தான் நம் வரிசையிலேயே மோசமான வாசல். வீடு கட்டியவர்கள் மிச்ச ஜல்லி, உடைந்த செங்கல், கெட்டிப்பட்ட சிமெண்ட் எல்லாவற்றையும் அங்கேயே கொட்டி, மேலே ஒரு சட்டி மண்ணைத் தள்ளி மூடிவிட்டுப் போயிருந்தார்கள். கோரை மட்டும் தாராளமாக முளைக்கும். பக்கத்து வீடுகளில் குரோட்டன்ஸ், டேபிள் ரோஸ் எல்லாம் இருக்கும்போது எங்கள் வாசலில் அப்பாவின் ஸ்கூட்டர் மட்டும் நிற்கும்.

அம்மாவுக்கு வையம்பட்டிப் பக்கம். கடலையும் சோளமும் போடுகிற குடும்பம். எஸ்.எஸ்.எல்.சி. பாஸ் பண்ணியிருந்தாள், நல்ல மார்க். கல்யாணமாகி டவுன்ஷிப்புக்கு வந்த நாளிலிருந்து அப்பாவின் ஷிஃப்ட்டுக்கு ஏற்ப டிபன் கேரியர் கட்டுவதுதான் அவளுடைய உத்தியோகம்.

தண்ணீர் டேங்குக்குப் பின்னால் கீற்றுக்கொட்டகை போட்டு ஒரு நர்சரி இருந்ததே, அங்கே அம்மா ஒருநாள் கறிவேப்பிலைக் கன்று வாங்கப் போனாள். நானும் கூடப் போனேன். அங்கே தொட்டி தொட்டியாக நாற்று வாடிக் கிடந்தது. தோட்டத்து ஆபீசர் இன்னும் ரெண்டு குடம் ஊற்றச் சொல்லி ஆளை விரட்டிக்கொண்டிருந்தார். அம்மா, "தண்ணியை நிறுத்துங்க சார். வேருக்கு மூச்சு முட்டுது" என்றாள். மனுஷன் கோபித்துக்கொள்ளவில்லை. நிறுத்திப் பார்த்தார். நாற்றுகள் பிழைத்துக்கொண்டன. அடுத்த மாசம் அவரே வீடு தேடி வந்து, நர்சரியைப் பார்த்துக்கொள்ள ஒரு பெண் வேண்டும், முதலில் தற்காலிகம், பிறகு நிரந்தரமாக்க எழுதலாம், அம்மா வந்தால் நல்லது என்றார். அவர் போன பிறகு அம்மா சமையலறையில் நின்று தனியாகச் சிரித்ததை நான் பார்த்தேன். அப்படி அவள் சிரித்து அதற்கு முன் நான் பார்த்ததில்லை.

அப்பா உடனே முடியாது என்று சொல்லவில்லை. அவர் எதையுமே நேராகச் சொல்ல மாட்டார். பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமல், "ஊர்ச் செடியை வளர்க்கிறது இருக்கட்டும். முதல்ல நம்ம வீட்டு வாசல்ல புல்லு முளைக்க வச்சுக் காட்டு. தை மாசம் தோட்டப் போட்டியில பிரைஸ் வாங்கு. வாங்கிட்டு வேலைக்குப் போ. நான் குறுக்க நிக்கல" என்றார். அந்த வாசலில் புல் முளைக்காது என்று அவருக்கு அவ்வளவு நிச்சயம். அம்மா நேராக ஆபீசரிடம் போய், தை வரைக்கும் அந்த இடத்தை யாருக்கும் கொடுக்காமல் வைத்திருக்க முடியுமா என்று கேட்டாள். முடியும் என்று அவர் சொன்னார். அப்போது சித்திரை.

வீடு கட்டியவரே, குறித்துக்கொள்ளுங்கள். புல்தரைக்கு முதல் வேலை புல் இல்லை, மண். அம்மா ஒரு முழம் ஆழத்துக்குக் கொத்தினாள். கூலிக்கு ஆள் வைக்க அப்பா விடவில்லை. காலையில் அவர் வேலைக்குப் போனதும் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, கடப்பாறையோடு இறங்குவாள். வெளியே வந்த ஜல்லியும் செங்கல்லும் மலையாகக் குவிந்தது. உள்ளங்கை கொப்புளித்து உடைந்தது, அந்தக் கையாலேயே மாவும் பிசைந்தாள்.

அடுத்து அவள் செய்த காரியத்தைத்தான் டவுன்ஷிப் முழுக்கப் பேசினார்கள். ஆட்டுக்கிடை போட்டாள். அறுப்பு முடிந்த வயல்களில் ஆட்டு மந்தையை ராத்திரி தங்க வைப்பார்கள் இல்லையா, புழுக்கையும் மூத்திரமும் விழுந்து மண் உரமாகட்டும் என்று, அதேதான். வெளியே ரோட்டோரமாக மந்தை ஓட்டிக்கொண்டு போன கிடைக்காரரைப் பிடித்துப் பேசி, நாற்பது ஆட்டை எங்கள் குவார்ட்டர்ஸ் வாசலில் அடைத்துவிட்டாள். மூன்று ராத்திரி. அவருக்குச் சாப்பாடும் கொஞ்சம் அரிசியும். அப்பாவுக்கு அந்த வாரம் நைட் ஷிஃப்ட். காலையில் ஸ்கூட்டரில் வந்து இறங்குகிறார், வாசல் முழுக்க ஆடு. ஒரு கிடா அவரை முறைத்துப் பார்க்கிறது. உள்ளே போக வழியில்லை.

"என்னடி இது, ஆபீசர்ங்க இருக்கிற இடத்துல?" என்றார் பல்லைக் கடித்துக்கொண்டு.

"நீங்கதானே புல்லு முளைக்க வைக்கச் சொன்னீங்க. கொஞ்சம் பின்பக்கமா வாங்க, கதவைத் திறந்து வச்சிருக்கேன்" என்றாள் அம்மா.

எதிர் குவார்ட்டர்ஸ் மாமி ஸ்ரீரங்கத்துக்காரர், வைஷ்ணவக் குடும்பம், ஆசாரம் அதிகம். அவர் மூக்கைப் பொத்திக்கொண்டு வெளியே வந்தார். சண்டைக்குத்தான் வருகிறார் என்று நினைத்தேன். "பெருமாள் கோவில் நந்தவனத்துக்கும் எரு போட்டுத்தான் துளசி வளர்றது. உங்காத்து ஆட்டுக்கு ஜலம் கிலம் வேணும்னா எங்காத்துக் குழாய்ல பிடிச்சுக்கோங்கோ" என்று சொல்லிவிட்டு மூக்கைப் பொத்தியபடியே உள்ளே போய்விட்டார். எங்கள் வரிசையில் அம்மாவுக்கு ஆதரவாக அந்த வருஷம் முழுக்கப் பேசியவர் அவர் ஒருவர்தான்.

பிறகு கோரை. கோரையை மேலே பிடுங்கினால் போகாது, அடியில் கிழங்கு இருக்கும், ஒன்றைப் பிடுங்கினால் நாலு முளைக்கும். மருந்து அடித்தால் போய்விடும் என்று கடைக்காரர்கள் சொல்வார்கள், நம்பாதீர்கள். அம்மா செய்தது இதுதான்: மண்ணுக்குத் தண்ணீர் விடுவாள், கோரை முளைக்கும், முளைத்ததைக் கிழங்கோடு தோண்டி எடுப்பாள். மறுபடி தண்ணீர், மறுபடி தோண்டல். வைகாசியிலிருந்து ஆடி வரைக்கும் இதே வேலை. உங்களில் பாதிப் பேர் வந்து தோண்டினீர்கள், ஒரு டப்பா கிழங்குக்கு ஒரு பொரிவிளங்காய் உருண்டை. பல் உடைகிற மாதிரி இருக்கும், ஆனாலும் அடித்துக்கொண்டு தின்றீர்கள். அப்போது வாங்கித் தின்ற உருண்டையை மறந்துவிட்டு இன்றைக்கு "அப்பாவின் புல்தரை" என்கிறீர்கள் பாருங்கள்.

ஆவணியில் புல் நட்டாள். காசு கொடுத்து வாங்குகிற புல் இல்லை, அருகம்புல். வாய்க்கால் கரையிலிருந்து கொடி கொடியாக நானும் அவளும் அறுத்துக்கொண்டு வந்தோம். கணு உள்ள துண்டாக நறுக்கி, ஒரு சாண் இடைவெளியில், வரிசை பிடித்து நட்டாள். அந்த வாரம்தான் வையம்பட்டியிலிருந்து மாமா, அம்மாவின் தம்பி, பச்சைக் கடலை மூட்டையோடு வந்தார். வாசலில் நின்று பார்த்துவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "அக்கா, நம்ம அப்பா ஆயுசு பூரா அருகை வெட்டியே முதுகு கூனிப் போனாரு. நீ என்னடான்னா நட்டு வச்சுத் தண்ணி ஊத்துற. ஊர்ல சொன்னா என்னையத்தான் பைத்தியம்பாங்க."

"அதான்டா நடுறேன். எவ்வளவு வெட்டினாலும் சாகாத புல்லு இதுதானே" என்றாள் அம்மா.

சிரித்தாலும் மாமா நல்லவர். அடுத்த முறை வரும்போது வேப்பம்புண்ணாக்கு ஒரு மூட்டையும் புல் அறுக்கக் கருக்கரிவாள் ஒன்றும் கொண்டுவந்து போட்டார். புண்ணாக்கைப் பொடித்துத் தூவினால் வேரைத் தின்கிற வெள்ளைப் புழு வராது, கறையானும் வராது. கடலைப்புண்ணாக்கை மூன்று நாள் ஊறவைத்து, கரைத்து, பத்துப் பங்கு தண்ணீர் சேர்த்துப் பூவாளியால் ஊற்றுவாள். நாற்றம் குடலைப் பிடுங்கும். அப்பா கர்ச்சீப்பை மூக்கில் வைத்துக்கொண்டுதான் ஸ்கூட்டரை எடுப்பார். "ஃபேக்டரி ஸ்டோர்ல தோட்டத்துக்குன்னு யூரியா மூட்டை மூட்டையா கிடக்கு. ரெண்டு பிடி போட்டா முடிஞ்சது. இவ என்னமோ பன்னி வளர்க்கிற மாதிரி நாறடிக்கிறா" என்பார். வெள்ளையாக, அச்சடித்த மூட்டையில் வருகிறதெல்லாம் அவருக்கு விஞ்ஞானம். ஆட்டுப் புழுக்கை என்றால் பட்டிக்காடு.

தண்ணீர் விஷயம் முக்கியம். தினமும் மேலாகத் தெளித்தால் வேர் மேலேயே நின்றுவிடும். வாரத்துக்கு ரெண்டு தடவை, நன்றாக ஊறும்படி விட வேண்டும். புல்லை ஒட்ட வெட்டக் கூடாது. ரெண்டு விரல் உயரம் விட்டு வெட்டி, வெட்டிய துண்டுகளை அங்கேயே போட்டுவிட வேண்டும், அது மக்கி உரமாகிவிடும். அம்மா உட்கார்ந்த வாக்கில் நகர்ந்து நகர்ந்து அரிவாளால் அறுப்பாள். ஐப்பசி மழைக்குப் புல் கொடியோடியது. கார்த்திகையில் மண் தெரியவில்லை. மார்கழிக் காலையில் பள்ளிக்கூடம் கிளம்பும்போது செருப்பைக் கழற்றிவிட்டு அதில் காலை வைத்தால், பனி ஈரத்தில் சில்லென்று மெத்து மெத்தென்று இருக்கும். ரோட்டில் போகிறவர்கள் நின்று பார்த்துவிட்டுப் போனார்கள். தோட்டத்து ஆபீசர் ஒருநாள் சைக்கிளை நிறுத்தி, குனிந்து, புல்லுக்குள் விரலை விட்டுப் பார்த்தார். "அம்மா, இது டவுன்ஷிப்ல வேற எங்கயும் இல்ல" என்றார். அம்மா அந்த வாரம் கைத்தறிப் புடவை ரெண்டை எடுத்துக் கஞ்சி போட்டுக் காயவைத்தாள். வேலைக்குக் கட்டிக்கொண்டு போக.

அப்பா இதையெல்லாம் பார்த்துக்கொண்டுதான் இருந்தார்.

பொங்கல் முடிந்த வாரம். போட்டிக்கு நடுவர்கள் வர இன்னும் நாலு நாள். அம்மா ரேஷன் கடைக்குப் போயிருந்தாள், சனிக்கிழமை, எனக்கு ஸ்கூல் இல்லை. அப்பா என்னைக் கூப்பிட்டு ஒரு பால் டப்பாவைக் கையில் கொடுத்தார். உள்ளே வெள்ளை வெள்ளையாக, ஜவ்வரிசி மாதிரி. "பாப்பா, இதைப் புல்லு மேல தூவிடு. நாலு நாள்ல பாரு, கரும்பச்சையா வந்துடும். அம்மாவுக்கு பிரைஸ் நிச்சயம். அம்மாகிட்ட சொல்லாத, ஆச்சரியப்படட்டும்" என்றார். எனக்குத் தலைகால் புரியவில்லை. அப்பா அம்மாவுக்காக ஒன்று செய்து நான் பார்த்ததே இல்லை. புல்லில் பனி ஈரம் இன்னும் காயவில்லை. பிடி பிடியாக அள்ளிப் போட்டேன். அம்மா ஆசையாகப் பார்க்கிற இடம் என்று ஜன்னலுக்குக் கீழே இன்னும் ரெண்டு பிடி கூடுதலாகப் போட்டேன். தண்ணீர் விட வேண்டும் என்று அவரும் சொல்லவில்லை, எனக்கும் தெரியாது.

வேண்டுமென்றே செய்தாரா என்று கேட்பீர்கள். இல்லை என்றுதான் நினைக்கிறேன். எருவையும் புண்ணாக்கையும் நம்பிய பெண்டாட்டி ஜெயித்துவிடுவாள் போலிருக்கிறதே, அதில் தன் யூரியாவும் ஒரு பிடி இருக்கட்டும் என்று நினைத்திருப்பார். பிரைஸ் வந்த பிறகு சொல்லிக் காட்டலாம் அல்லவா. அவர் கெட்டவராக இருந்திருந்தால்கூட எனக்கு மனசு ஆறியிருக்கும்.

மூன்றாம் நாள் காலையில் புல் மஞ்சளாகத் திட்டுத் திட்டாக நின்றது. மத்தியானத்துக்குள் அந்தத் திட்டுகள் காய்ந்த வைக்கோல் நிறத்துக்கு வந்துவிட்டன. ஜன்னலுக்குக் கீழே அடுப்புச் சாம்பலைக் கொட்டிய மாதிரி கருகியிருந்தது. அம்மா புல்லை விலக்கிப் பார்த்தாள், மண்ணைக் கிள்ளி முகர்ந்து பார்த்தாள், வேரைப் பிடுங்கிப் பார்த்தாள். புழு இல்லை, கறையான் இல்லை. நான் ஸ்கூல் விட்டு வந்ததும் என்னைக் கூப்பிட்டு, முன்னால் உட்கார வைத்து, ரெண்டு கையையும் பிடித்துக்கொண்டாள்.

"பாப்பா, யாராவது வந்தாங்களா? எதையாவது கொட்டினாங்களா? என்னன்னு தெரிஞ்சா இப்பவே ஏதாவது பண்ணலாம். ஒரு நாள் இருக்கு. உனக்கு ஏதாவது தெரியுமா?"

அப்பா அறைக்குள் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். பேப்பரைத் தாழ்த்தி என்னைப் பார்த்தார். அதட்டவில்லை, கண்ணைக்கூட உருட்டவில்லை. சும்மா பார்த்தார், அவ்வளவுதான்.

"தெரியாதும்மா" என்றேன்.

அம்மா என் கையை விட்டுவிட்டு எழுந்தாள். அப்பா பேப்பரைத் தூக்கிக்கொண்டார்.

அடுத்த நாள் சாயங்காலம் நடுவர்கள் மூன்று பேர் வந்தார்கள். அதில் தோட்டத்து ஆபீசரும் ஒருவர். அவர் குனிந்து கருகிய புல்லைக் கிள்ளிப் பார்த்தார். பிறகு, "என்னம்மா போட்டீங்க?" என்று கேட்டார்.

"ஆட்டுக்கிடை, வேப்பம்புண்ணாக்கு, கடலைப்புண்ணாக்குத் தண்ணி. வேற ஒண்ணும் போடலைங்க சார்."

கூட வந்த இன்னொருவர், டை கட்டியவர், "அதான் விஷயம். எருவைச் சூட்டோட போட்டிருக்கீங்க, எரிச்சுடுச்சு. இந்தக் காலத்துலயும் ஆட்டுப் புழுக்கையைக் கட்டிக்கிட்டு அழுதா இப்படித்தான்" என்றார்.

"கிடை போட்டு எட்டு மாசம் ஆச்சுங்க சார். இப்ப எப்படிங்க அதுல சூடு இருக்கும்?" என்றாள் அம்மா.

அந்த மனுஷன் வாயைத் திறப்பதற்குள் அப்பா முந்திக்கொண்டார். "நானும் படிச்சுப் படிச்சுச் சொன்னேன் சார். கேட்டாத்தானே" என்று சிரித்தார். என்னைப் பெற்ற தகப்பன். பால் டப்பாவைக் கையில் கொடுத்த அதே மனுஷன், அம்மாவுக்கு ஒரு முழத் தூரத்தில் நின்றுகொண்டு சொன்னார். நான் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன். ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். நானும் சொல்லவில்லை.

அடுத்த வாரம் நர்சரிக்கு வேறு ஒரு பெண் வந்தார். ஆபீசர் தலையைச் சொறிந்துகொண்டு அம்மாவிடம் வந்து சொன்னார், தை முடியப் போகிறது, மேலே கேட்கிறார்கள், இதற்கு மேல் இழுத்துப்பிடிக்க முடியவில்லை என்று. "பரவாயில்லைங்க சார்" என்றாள் அம்மா. கஞ்சி போட்ட புடவைகளைத் தூக்கிப் பெட்டியின் அடியில் வைத்தாள். அப்பா அன்றைக்கு அல்வா வாங்கிக்கொண்டு வந்தார். அந்த அல்வா எதற்கு என்று இன்று வரைக்கும் எனக்குப் புரியவில்லை.

அம்மா மட்டும் புல்லை விடவில்லை. என்ன நடந்தது என்று தெரியாமலேயே தினமும் குழாயைத் திறந்துவிட்டுத் தேங்கத் தேங்கத் தண்ணீர் கட்டினாள். மாசி பாதியில் கருகிய இடங்களில் கணுவுக்குக் கணு குருத்து விட்டது. யூரியாவின் வேகம் மிச்சம் இருந்திருக்கும், தண்ணீரில் கரைந்து இறங்கியிருக்கும். முன்னை விடக் கரும்பச்சையாக, பார்க்கிறவர்கள் வாயைப் பிளக்கிற மாதிரி எழுந்து நின்றது. ஒரு மாசம் பிந்திவிட்டது, அவ்வளவுதான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அப்பாவோடு வேலை செய்கிறவர்கள் நாலு பேர் டீக்கு வந்தார்கள். புல்லின் மேல் நாற்காலி போட்டு உட்கார்ந்தார்கள். ஒருவர் காலால் புல்லைத் தடவிப் பார்த்து, "என்ன சார் இது, கம்பளம் விரிச்ச மாதிரி இருக்கு" என்றார்.

அப்பா காலை நீட்டிக்கொண்டார். "வீட்ல ஆட்டுப் புழுக்கை, புண்ணாக்குன்னு போட்டு நாறடிச்சாங்க. அதெல்லாம் சும்மா. ஒரு பால் டப்பா யூரியா. பாப்பாவை விட்டுத் தூவச் சொன்னேன். போட்டி சமயத்துல லேசாக் கருகுச்சு. இப்பப் பாருங்க."

அம்மா வாழைக்காய் பஜ்ஜித் தட்டோடு படியில் நின்றிருந்தாள். முழுவதும் கேட்டாள். நான் அவளுக்குப் பின்னால் டீ டம்ளர்களோடு நின்றேன். அவள் இறங்கிப் போய்த் தட்டை ஸ்டூலில் வைத்தாள். "சட்னி இன்னும் கொஞ்சம் வேணுமாங்க?" என்று வந்தவர்களிடம் கேட்டாள். வேண்டும் என்றார்கள். எடுத்து வர உள்ளே போனாள். என்னைத் தாண்டிப் போகும்போது என் பக்கம் திரும்பவில்லை.

மறுநாள் காலை ஸ்கூலுக்குக் கிளம்பி, வழக்கம்போல் ரிப்பனை எடுத்துக்கொண்டு அவள் முன்னால் போய் உட்கார்ந்தேன். எனக்கு இடுப்பு வரைக்கும் முடி. தினமும் அம்மாதான் இரட்டைச் சடை பின்னிவிடுவாள். அன்றைக்குச் சீப்பை என் கையில் கொடுத்தாள்.

"நீயே பின்னிக்க."

எனக்கு அழுகை பீறிட்டுக்கொண்டு வந்தது. "அப்பாதாம்மா போடச் சொன்னாங்க. உனக்கு பிரைஸ் வரும்னு சொன்னாங்க" என்றேன்.

"போட்டதுக்கு உன்னை ஒண்ணும் சொல்லல. சின்னப் பிள்ளை, சொன்னதைச் செஞ்ச. நான் கேட்டேன்ல? கையைப் பிடிச்சுக் கேட்டேன்ல? அன்னைக்கே சொல்லியிருந்தா தண்ணியைக் கட்டிப் பாதியையாவது காப்பாத்தியிருப்பேன். என்ன நடந்துச்சுன்னாவது வந்தவங்ககிட்ட சொல்லியிருப்பேன்." சத்தமே இல்லாமல் சொன்னாள். சொல்லிவிட்டு உள்ளே போய் அப்பாவுக்குக் காபி ஆற்றிக் கொண்டுவந்து கொடுத்தாள். அவர் வாங்கிக் குடித்தார். அவரிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை, அன்றைக்கும் இல்லை, அதற்குப் பிறகும் இல்லை. என் தலையை அவள் அதற்கப்புறம் பின்னவே இல்லை. கோணல் மாணலாக நானே பின்னிக்கொண்டு வந்தேன், நீங்கள் கேலி செய்தீர்கள். சித்திரையில் முடியை வெட்டிவிட்டேன்.

அதோடு அவள் புல்லிலும் இறங்கவில்லை. அப்பா ஒரு தோட்டக்காரரை வைத்தார். அம்மா கொத்திக் கொடுத்த மண், அம்மா நட்ட புல், மாசத்துக்கு ஒரு தடவை யூரியா. அடுத்த தையில் கோப்பை. போட்டி விதிப்படி குவார்ட்டர்ஸ் யார் பேரில் இருக்கிறதோ அவர் பேரில்தான் பரிசு. மைக்கில் அவர் பேரைக் கூப்பிட்டபோது அம்மா என் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து, எல்லோரையும் போலக் கை தட்டினாள்.

இது என்ன நியாயம் என்று எனக்கு வருஷக்கணக்கில் கோபம். அவருக்குக் காபி, எனக்குச் சீப்பு. பதினோரு வயசுப் பிள்ளையிடம் காட்டிய ரோஷத்தில் கால்வாசியை அந்த மனுஷனிடம் காட்டியிருந்தால் என்ன? அப்பா போய்ச் சேர்ந்த பிறகு, அம்மா ஸ்ரீரங்கத்தில் என்னோடு இருந்த கடைசி வருஷத்தில், ஒருநாள் பொறுக்க முடியாமல் கேட்டே விட்டேன். அவளுக்கு அப்போது முடி கொட்டி மண்டை தெரியும். நான்தான் தினமும் எண்ணெய் வைத்து வாரிவிடுவேன். வாரிக்கொண்டேதான் கேட்டேன்.

"அப்பாவை ஏம்மா ஒரு வார்த்தை கேக்கல? என்னை மட்டும் அப்படித் தள்ளி வச்சியே, நான் என்னம்மா பண்ணேன்?"

மறந்திருப்பாள் என்று நினைத்தேன். மறக்கவில்லை. தலையைத் திருப்பாமல் சொன்னாள்.

"அவர்கிட்ட எதையும் கேக்கிறதை நான் கல்யாணமான புதுசுலயே விட்டுட்டேன்டி. கேட்டா நிஜத்தைச் சொல்லும்னு அந்த வீட்ல நான் நம்பினது உன்னை ஒருத்தியைத்தான்."